குழாய் எடுத்த பிறகு

2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. படுக்கை கிடைக்காதவர்கள் ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்த படங்களை மலேசியா முழுவதும் பார்த்தது. ஆகஸ்டு 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிடந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சுவாசக் கருவிதான் மூச்சு விட்டது.

சுகாதார அமைச்சு நாள்தோறும் கணக்கு வெளியிட்டது. புதிய தொற்று, தீவிர சிகிச்சை, சுவாசக் கருவி, மரணம், குணமடைந்தோர். நம்மவர் கடைசிக் கணக்கில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் நேர்த்திக்கடன் செலுத்தக் கோயிலுக்குப் போன குடும்பங்கள் பல. ஆனால் மூன்று நான்கு வாரம் கருவியில் இருந்தவரை வீட்டுக்கு அழைத்து வந்தவர்கள் பார்த்தது வேறொரு மனிதரை. அவரால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. குரல் எழும்பவில்லை. நடு இரவில், யாரோ கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று அலறினார். நுரையீரல் எக்ஸ்ரே நன்றாகத்தான் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அது பொய்யுமில்லை. நோய் நுரையீரலில் வந்தது. அதன் பாக்கி தசையிலும் நரம்பிலும் தொண்டையிலும் மனத்திலும் நிற்கிறது.

கோவிட் இந்த நிலையைப் புதிதாக உண்டாக்கவில்லை. கடும் நிமோனியா, இரத்தத்தில் பரவிய தொற்று, சாலை விபத்து என்று எந்தக் காரணத்தால் வெகுநாள் கருவியில் இருந்தாலும் இதுதான் கதை. முன்பு அங்கொருவர் இங்கொருவராக வந்தார்கள்; 2021இல் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் வந்ததால் கண்ணில் பட்டார்கள்.

சுவாசக் கருவியின் கதையை 1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் தொடங்குவதுதான் முறை. போலியோ அந்த நகரைச் சூறையாடிக்கொண்டிருந்தது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்தவர்களில் மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியர்ன் இப்சன் ஒரு சிறுமியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அடுத்த மாதங்களில் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அழுத்தினார்கள். மரணம் நாலில் ஒன்றாக இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்தக் கைகளிலிருந்து பிறந்தவை.

அந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தப் போலியோ நோயாளிகளில் பலர் விழித்திருந்தார்கள். பை அழுத்திய மாணவர்கள் அவர்களுக்குக் கதை படித்துக் காட்டினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். பிறகு இயந்திரங்கள் வளர்ந்தன, மயக்க மருந்துகளும் வளர்ந்தன. கருவியில் இருப்பவர் ஆழ்ந்து உறங்குவதே நல்லது என்ற வழக்கம் பல பத்தாண்டுகள் நிலைத்தது. 2000ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர்கள் மயக்க மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்தி நோயாளியை எழுப்பிப் பார்த்தார்கள். கருவியில் இருந்த காலம் இடைநிலை அளவில் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது. மறுவாழ்வு சிகிச்சையின் முதல் படி உடற்பயிற்சி என்று பலரும் நினைக்கிறோம். அதற்கும் முந்திய படி, ஆளை விழிக்க விடுவது.

உறங்கும் உடம்பில் என்ன நடக்கிறது? நாம் மூச்சை உள்ளே இழுக்கிறோம். கருவியோ காற்றை உள்ளே தள்ளுகிறது. இழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிந்த குடை போன்ற அந்தத் தசை, பிறந்த நொடியிலிருந்து ஓய்வு அறியாதது. அதற்கு முழு ஓய்வு கொடுத்தால் என்ன ஆகும் என்று 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளைச்சாவு அடைந்து, உறுப்புக் கொடைக்காகக் கருவியில் வைக்கப்பட்டிருந்தவர்களின் உதரவிதானத்திலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துப் பார்த்தார்கள். 18 முதல் 69 மணி நேரத்துக்குள் தசை இழைகள் ஏறத்தாழ பாதியாக மெலிந்திருந்தன. மூன்று நாள் கூட ஆகவில்லை.

கை கால் தசைகளின் கதை லண்டனிலிருந்து வந்தது. 2013இல் ஸூடின் புதுச்சேரி தலைமையிலான குழு, தீவிர சிகிச்சையில் இருந்த 63 பேரின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தது. பத்தாம் நாளில் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 விழுக்காடு குறைந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். இதைச் சும்மா படுத்திருந்ததால் வந்த மெலிவு என்று ஒதுக்க முடியாது. உடலெங்கும் பற்றிய அழற்சி தசைப் புரதத்தையே கரைக்கிறது. நரம்பின் நுனிகளும் பழுதாகின்றன. கனடாவின் சார்லஸ் போல்டன் இந்த நரம்புப் பாதிப்பை 1984லேயே விவரித்துவிட்டார்.

இங்கே மலேசியத் தமிழர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பது தீவிர சிகிச்சையில் நரம்பும் தசையும் பழுதாவதற்கு ஒரு காரணம். நீரிழிவால் ஏற்கெனவே பாதம் மரத்துப்போன ஒருவர் கருவிக்குப் போனால், ஓட்டை விழுந்த நரம்போடுதான் உள்ளே போகிறார்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், தொடர்ந்து 21 நாளோ அதற்கு மேலோ கருவி தேவைப்பட்டால் அதை நீண்டகாலச் சுவாசக் கருவி சிகிச்சை என்று 2005இல் அமெரிக்க வல்லுநர்கள் வரையறுத்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரை நாமே கற்பனை செய்து பார்ப்போம். கிள்ளானில் லிஃப்ட் இல்லாத மலிவுவிலை அடுக்குமாடியில் நான்காம் மாடிக்காரர். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர், வயது ஐம்பத்தைந்து, பத்து வருடச் சர்க்கரை. இருபத்தாறு நாள் கருவியில் இருந்துவிட்டார். வாய்வழிக் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளையிட்டிருக்கிறார்கள்.

அவரைக் கருவியிலிருந்து விடுவிப்பது முதல் வேலை. கருவியின் உதவியைப் படிப்படியாகக் குறைப்பதா, அல்லது கருவியை அடியோடு கழற்றி, கழுத்துத் துளைவழி ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, தினமும் கொஞ்ச நேரம் தானே மூச்சு விட வைப்பதா? 2013இல் வெளிவந்த சிகாகோ ஆய்வு ஒன்று இரண்டையும் ஒப்பிட்டது. கழற்றிவிடப்பட்டவர்கள் இடைநிலை அளவில் 15 நாளில் மீண்டார்கள். மற்றவர்களுக்கு 19 நாள். களைத்துப்போகும் எல்லை வரை உழைத்து, இரவில் ஓய்வு பெற்று, மறுநாள் மீண்டும் உழைக்கும் உதரவிதானம்தான் வலுப்பெறுகிறது. மற்ற தசைகளுக்குள்ள விதி இதற்கும் பொருந்துகிறது.

அடுத்தது குரல். மறுவாழ்வில் பலரும் கடைசியில் வைக்கும் இதை நான் முன்னால் வைப்பேன். கழுத்துக் குழாயின் நுனியைச் சுற்றி ஊதிய சிறு பலூன் ஒன்று இருக்கும். அது ஊதியிருக்கும்வரை காற்று குரல்வளைப் பக்கமே போகாது. அதனால் அவர் வாயசைப்பார், சத்தம் வராது. பலூனின் காற்றை இறக்கி, குழாயின் வாயில் கட்டைவிரல் நுனியளவுள்ள ஒருவழி வால்வு ஒன்றை மாட்டுகிறார் பேச்சு சிகிச்சையாளர். மூச்சு இழுக்கும்போது அது திறக்கும், விடும்போது மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத காற்று மேலே ஏறி, குரல் நாண்களைத் தொட்டு, வாய்வழி வெளியே வரும். இந்த வால்வை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர், பொறியாளரும் அல்லர். தசைச் சிதைவு நோயால் சுவாசக் கருவியை நம்பியிருந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், பேச முடியாமல் தவித்து, 1980களில் தனக்காகவே யோசித்துச் செய்தது. இன்று அது உலகெங்கும் புழங்குகிறது. நம் லாரிக்காரரின் மனைவி கட்டிலருகே நிற்கும்போது, ஒரு மாதத்துக்குப் பின் அவர் குரல் கரகரவென்று வெளிவருகிறது: "சாப்டியா?"

குரல் வந்தால் பேச்சு மட்டும் வருவதில்லை. வலி எங்கே என்று சொல்ல முடிகிறது. வேண்டாம் என்று மறுக்க முடிகிறது. மேல்நோக்கிப் பாயும் காற்று தொண்டையின் உணர்ச்சியைத் தட்டி எழுப்புகிறது. விழுங்குவதற்கும் அது துணை.

விழுங்குவதுதான் ஆபத்தான கட்டம். பல நாள் குழாய் உரசிய தொண்டை மரத்துப் போயிருக்கும். உணவு மூச்சுப்பாதையில் இறங்கினாலும் இருமல் வராது. புரையேறவில்லையே, நன்றாகத்தானே சாப்பிடுகிறார் என்று குடும்பம் மகிழும். சில நாளில் நிமோனியா திரும்பும். ஆகவே மூக்குவழி மெல்லிய கேமராவை இறக்கி, சாயம் கலந்த ஒரு கரண்டி உணவு எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்கிறார்கள். அதன் பிறகே உணவின் பதம் முடிவாகும். நம் வீட்டுச் சாப்பாட்டில் எது எளிது, எது கடினம் என்ற ஊகம் இங்கே தலைகீழாகிவிடும். உடம்பு முடியாதவருக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுப்போம். விழுங்கும் கோளாறு உள்ளவருக்கு அதுதான் கடினமானவற்றில் ஒன்று, ஏனென்றால் நீர் முந்தி ஓடும், பருக்கை பின்தங்கும். தண்ணீர் பிரிந்து நிற்கும் கஞ்சியும் அப்படியே. ஒரே பதமாக மசித்த, கரண்டியில் நிற்கும் உணவே முதலில். தேத்தண்ணி, மைலோ எல்லாம் கெட்டியாக்கும் பொடி கலந்துதான். எவ்வளவு கெட்டி என்பதை வீட்டிலேயே சோதிக்க ஒரு சர்வதேச முறை இருக்கிறது. குறிப்பிட்ட அளவுள்ள, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சை நிரப்பி, அடியை மூடிய விரலை எடுத்துப் பத்து விநாடி ஒழுகவிட வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது வெறும் தண்ணீர்ப் பதம். நான்கு முதல் எட்டு மில்லி மிஞ்சினால் லேசான கெட்டி. சமையலறையில் நின்று ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்கு மறக்காது.

உணவியல் நிபுணரின் கவலை வேறு. கரைந்த தசை திரும்ப வளரப் புரதம் வேண்டும். மீட்புக் காலத்தில் எழுபது கிலோ உடம்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 85 முதல் 105 கிராம் வரை இலக்கு வைப்பது வழக்கம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. பத்தியம் என்ற பெயரில் வெறும் கஞ்சியிலேயே ஆளை வைத்திருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. மரக்கறிக்காரர்களுக்கு தௌஹூவும் தெம்பேயும் கைகொடுக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இதே கணக்கு பொருந்தாது. அதனால்தான் அந்த முடிவை அக்கம்பக்கத்தார் சொல்ல முடியாது, மருத்துவரும் உணவியல் நிபுணரும் உட்கார்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது கட்டில் விளிம்புக்கு வருவோம். கால்களைத் தொங்கவிட்டு உட்கார்வது நமக்கு ஒரு வேலையே இல்லை. இவருக்கு நான்கு பேர் வேண்டும். ஒருவர் முதுகைத் தாங்குகிறார், ஒருவர் கழுத்துக் குழாயைக் காக்கிறார், ஒருவர் கால்களைத் திருப்புகிறார், தாதி திரையைப் பார்க்கிறார். பிசியோ, அதாவது இயன்முறை சிகிச்சையாளர், மலாய்க்காரப் பெண். "பெலான்-பெலான், அங்கிள். தாரிக் நாஃபாஸ்... லெப்பாஸ்." மெல்ல மெல்ல, மூச்சை இழுங்கள், விடுங்கள் என்கிறார். நெஞ்சு ஏறி இறங்குகிறது. தலை நிற்கவில்லை, கவிழ்கிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. ஆக்சிஜன் 88க்கு வந்ததும் படுக்க வைத்துவிடுகிறார்கள். அன்றைய வேலை அவ்வளவுதான், ஒன்றரை நிமிடம். மறுநாள் மூன்று நிமிடம். பிறகு நாற்காலி, பிறகு இரு கை பிடித்து எழுந்து நிற்றல். குப்புறப் படுக்க வைத்து சிகிச்சை பெற்றவர்கள் சிலருக்குத் தோள் நரம்பு நசுங்கிக் கை தூக்க வராது; சிலருக்குப் பாதம் தொங்கிவிடும், அதற்குத் தாங்குபட்டை வேண்டும்.

சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்பதற்கு 2009இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு வலுவான சான்று தந்தது. கருவியில் இருந்த 104 பேரில் முதல் சில நாளிலேயே பயிற்சி தொடங்கியவர்களில் 59 விழுக்காட்டினர் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலையில் வீடு திரும்பினார்கள்; வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 35. அதை வைத்துக்கொண்டு, அதிகம் செய்தால் இன்னும் நல்லது என்று பலரும் முடிவுகட்டினார்கள். 2022இல் ஆஸ்திரேலியர்கள் முன்னின்று நடத்திய 750 பேர் ஆய்வு அந்த அவசரத்துக்குக் கடிவாளம் போட்டது. வழக்கமான பயிற்சியைவிடக் கூடுதலாக நடமாட வைத்ததில் தனிப் பலன் தெரியவில்லை. இதயத் துடிப்புக் கோளாறு போன்ற தொல்லைகள் கூடின. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது: முன்கூட்டித் தொடங்குவதில் தவறில்லை, அளவை அந்த உடம்பு சொல்ல வேண்டும், அட்டவணை சொல்லக்கூடாது. அதனால்தான் பல துறையினரும் ஒன்றாகக் கூடிப் பேசுவது அவசியமாகிறது. காலையில் பிசியோ களைக்க வைத்துவிட்டால், மதியம் விழுங்கும் பயிற்சிக்குத் தெம்பு இருக்காது. இரவெல்லாம் உறங்காதவரைக் காலையில் கருவியிலிருந்து கழற்றினால் தோற்பார். எட்டுப் பேர் தனித்தனியே வந்து போவது குழு ஆகாது.

கையால் செய்யும் வேலைகள் தொழில்வழி சிகிச்சையாளரின் பொறுப்பு. பாடப்புத்தகத்தில் சட்டைப் பொத்தானும் முள்கரண்டியும் இருக்கும். நம் ஆளுக்கு வேண்டியது வேறு. கைலி கட்ட வேண்டும். அதற்குப் பிடிமானம் இல்லாமல் நிற்கவும், இரு கையையும் ஒரே நேரத்தில் முன்னே கொண்டுவரவும், துணியை இறுக்கிச் சுருட்டவும் வலு வேண்டும். ஐந்து விரலும் கூடிச் சோற்றுருண்டை பிடிக்க வேண்டும். வீட்டில் குந்தும் கழிப்பறை. இவற்றை நோயாளியிடமும் மனைவியிடமும் கேட்டு எழுதிக்கொள்ளும் சிகிச்சையாளர்தான் பயிற்சியைச் சரியான இடத்தில் தொடங்குகிறார்.

மனத்தின் காயம் எக்ஸ்ரேயில் தெரியாது. அமெரிக்காவில் 821 பேரை வைத்து நடந்து, 2013இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் கழித்தும் 40 விழுக்காட்டினரின் நினைவாற்றலும் சிந்தனையும் நடுத்தர அளவு தலைக்காயம் பட்டவர்களின் நிலையில் இருந்தன. தீவிர சிகிச்சையில் எவ்வளவு நாள் சித்தக் குழப்பத்தில் இருந்தார்களோ அந்த அளவுக்குப் பாதிப்பும் கூடியது. இந்தக் குழப்பத்தைக் கண்டுபிடிக்க எளிய கேள்விகள் கேட்பார்கள். தமிழ் மட்டுமே பேசும் ஒரு பாட்டியிடம் அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால், அவர் குழம்பியிருக்கிறாரா, கேள்வியே புரியவில்லையா என்று யாருக்குத் தெரியும்? பெருந்தொற்றுக் காலத்தில் பார்வையாளர்கள் தடுக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் இந்தக் குழப்பத்துக்கு மகளின் குரல், கட்டிலருகே ஒட்டிய குடும்பப் படம், மூக்குக்கண்ணாடி, காது கருவி, சுவரில் தெரியும் கடிகாரம் எல்லாம் மருந்துக்குச் சமமான காரியங்கள். தாதியரும் குடும்பத்தாரும் தினம் நாலு வரி எழுதிவைக்கும் நாட்குறிப்பு ஐரோப்பாவின் வடபகுதியில் வேரூன்றிய வழக்கம். தொலைந்துபோன வாரங்களில் தனக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் படித்து அறிந்தவர்களுக்குக் கெட்ட கனவுகளின் பிடி தளர்வதுண்டு. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். நம் மருத்துவமனைகளில் இது பரவலாக வர வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கான இடங்கள் இல்லாமல் இல்லை. கோவிட் சிகிச்சையின் தலைமை மருத்துவமனையாக இருந்த சுங்கை பூலோ, குணமானவர்களைத் திரும்ப அழைத்துப் பார்க்கும் மறுவாழ்வு கிளினிக்கை நடத்தியது. அங்கே பார்க்கப்பட்ட நான்காம், ஐந்தாம் நிலை நோயாளிகளில், அதாவது ஆக்சிஜனோ கருவியோ தேவைப்பட்டவர்களில், மூன்றில் இரு பங்கினருக்குப் பின்விளைவுகள் நீடித்ததாக 2021இல் சுகாதார அமைச்சர் தெரிவித்தார். பண்டார் துன் ரசாக்கில் சுகாதார அமைச்சின் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மறுவாழ்வு மருத்துவம் தனித் துறை. சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டியவர்களுக்கு மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையமும், 2007இல் தொடங்கிய வேலைக்குத் திரும்பும் திட்டமும் உண்டு. நம் லாரிக்காரர் சந்தா கட்டியவராக இருந்தால் இதைக் கேட்டுப் பெறலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் ஐந்து ரிங்கிட். தடுப்பது அந்த ஐந்து ரிங்கிட் அல்ல. நான்கு மாடி இறங்க வேண்டும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து கேஎல் சென்ட்ரல் வரை வந்து, அங்கிருந்து இன்னும் மாறிப் போக வேண்டும், இல்லையேல் கிராப் பிடிக்க வேண்டும். கூட வரும் மகனுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். வாரம் இரண்டு நாள் வரச் சொன்னால் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுவார்கள். கனடாவில் கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார் மார்கரெட் ஹெரிட்ஜ். 2011இல் வெளியான அந்த ஆய்வில், ஐந்தாம் வருட முடிவிலும் அவர்கள் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் எதிர்பார்க்கக்கூடியதில் 76 விழுக்காடுதான். வருடக்கணக்கில் நீளும் மீட்சியை மருத்துவமனை வாசலிலேயே முடித்துக்கொள்வது நியாயமில்லை. சுகாதார கிளினிக்குகளிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் இல்லப் பராமரிப்புச் சேவை நாட்டில் இருக்கிறது. கருவியிலிருந்து மீண்டவர்கள் அனைவரும் வார்டை விட்டுப் போகும் முன்பே அதில் பதிவாக வேண்டும் என்பது என் வாதம். பிசியோ வந்து பயிற்சி தர வேண்டிய இடம் அந்த அடுக்குமாடியின் படிக்கட்டு: முதல் வாரம் ஒரு திருப்பம், அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, விரலில் ஆக்சிஜன் அளவி, எண் இறங்கினால் உட்கார்ந்துவிடுவது.

அவரை வீட்டுக்கு அழைத்து வந்த குடும்பம் ஒன்றை மட்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குழாய் இருந்த இடத்தில் மூச்சுக்குழாய் மெல்ல மெல்லத் தழும்பேறிச் சுருங்கலாம். வாரங்கள், சமயங்களில் மாதங்கள் கழித்துத்தான் அது தெரியும். நன்றாகத் தேறி வந்தவருக்குப் படியேறும்போது மூச்சு இழுக்கையில் கீச்சென்று சத்தம் கேட்டால், அதை ஆஸ்துமா என்று நினைத்து மருந்துக்கடைப் பம்ப்பை வாங்கிக் கொடுக்கக்கூடாது. இன்ன தேதியிலிருந்து இத்தனை நாள் குழாய் இருந்தது என்று எழுதி வைத்திருக்கும் தாளை எடுத்துக்கொண்டு, அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.